இயந்திரம் சொன்னது எந்த அளவை? செயற்கை நுண்ணறிவுக் காலத்தில் தருக்கமும் மெய்யியலும் ஆராயும் முறை

மணிமேகலையைப் பாடிய சாத்தனாரை மதுரைக் கூலவாணிகன் என்றே மரபு குறிக்கிறது. தானியம் அளக்கும் படிக்கும் மரக்காலுக்கும் உரிய ‘அளவை’ என்னும் சொல்லே அறிவை அளந்தறியும் வழிகளுக்கும் தமிழில் பெயராக நின்றது என்பதை நினைக்கும்போதெல்லாம், அந்தக் காப்பியத்தின் தருக்கப் பகுதி ஒரு கூலவாணிகர் கையால் எழுதப்பட்டது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. 27ஆம் காதையில் பத்து அளவைகள் எண்ணப்படுகின்றன. 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் ‘ஆதி சினேந்திரன் அளவை இரண்டே’ என்று தொடங்கி, காட்சியும் (நேரே கண்டறிதல்) கருத்தும் (கண்டதிலிருந்து ஊகித்தறிதல்) போதும் என்று மணிமேகலைக்கு விளக்குகிறார். பிற்காலத்தில் சிவஞான சித்தியார், ஆறு என்பாரையும் பத்து என்பாரையும் குறிப்பிட்டுவிட்டு, எல்லாம் காண்டல், கருதல், உரை (நம்பத் தக்கவர் சொல்) என்னும் மூன்றில் அடங்கும் என்கிறது.

மதுரையில் தருக்கத்திலோ மெய்யியலிலோ ஆய்வு தொடங்கும் மாணவர்கள் இப்போது என்னிடம் முதலில் கேட்பது, செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா என்பதுதான். பயன்படுத்தலாம். ஆனால் அது தரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் இந்த மூன்று அளவைகளில் எதில் சேர்ப்பீர்கள் என்று எனக்குச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் வழிமுறைகள் யாவும் அந்த ஒரு கேள்வியிலிருந்து வருபவை.

இயந்திரத்தின் விடையை உரையளவையில் சேர்க்கவே பெரும்பாலோர் மனம் போகிறது. உரை என்பதைத் தருக்க நூலார் ஆத்தன் சொல் என்பர். உள்ளதை உள்ளவாறு சொல்பவன் ஆத்தன். மொழி மாதிரி எனப்படும் கருவியோ, கோடிக்கணக்கான பக்கங்களிலிருந்து சொற்கள் ஒன்றையொன்று தொடரும் பாங்கைக் கற்று, அடுத்து வரத் தக்க சொல்லைத் தேர்ந்து கோப்பது. உள்ளதைச் சொல்லும்போதும் இல்லாததைச் சொல்லும்போதும் அது செய்கிற வேலை ஒன்றே. ஆகவே அதன் விடையை எந்த அளவையிலும் சேர்க்காமல், ‘இந்தத் திசையில் தேடிப் பார்’ என்னும் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் துணிபு. அந்தக் குறிப்பை மூலநூலைப் பார்த்துக் காண்டலாகவோ, நீங்களே நிறுவிக் கருதலாகவோ மாற்றிய பிறகுதான் அது உங்கள் ஆய்வேட்டுக்குள் வரலாம்.

கீழக்குயில்குடியில் சமணர் மலையின் செட்டிப்புடவுக்கும் பேச்சிப்பள்ளத்துக்கும் ஒரு காலைப் பொழுதில் போய் வாருங்கள். அங்குள்ள தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழே வட்டெழுத்தில், குறண்டித் திருக்காட்டாம்பள்ளியைச் சேர்ந்த இன்ன பட்டாரகரின் (சமண ஆசானின்) மாணாக்கர் இன்னார் செய்வித்த திருமேனி என்ற முறையில் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. யாருடைய மாணாக்கர், யார் செய்வித்தது என்பதைக் கல்லிலேயே பொறித்து வைத்த அந்த ஆசிரிய வரிசை, ஒரு சொல்லுக்குப் பின்னால் ஆள் இருப்பது என்றால் என்ன என்பதை எந்தப் பாடநூலையும் விடத் தெளிவாகக் காட்டும். இயந்திரத்தின் வாக்கியத்துக்குக் கீழே அப்படி ஒரு பெயர் இல்லை. அந்த இடத்தில் உங்கள் பெயரைப் பொறிக்கத் துணியும் அளவுக்கு அதைச் சோதித்தீர்களா என்பதே ஒவ்வொரு முறையும் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது.

கருவிகளைப் பிரித்தறிதல்

தருக்கத்தை இயந்திரத்திடம் ஒப்படைப்பது புதிது அன்று. நியூவெல், சைமன், ஷா மூவரும் 1956இல் இயக்கிக் காட்டிய ‘லாஜிக் தியரிஸ்ட்’ என்னும் நிரல், ரஸ்ஸலும் வைட்ஹெட்டும் எழுதிய பிரின்சிபியா மேத்தமேட்டிகாவின் இரண்டாம் இயலில் உள்ள முதல் 52 தேற்றங்களில் 38ஐ நிறுவியது. எந்த வரைபடத்துக்கும் நான்கு நிறம் போதும் என்னும் நான்கு நிறத் தேற்றம் 1976இல் கணினித் துணையோடு நிறுவப்பட்டபோது, மனிதர் ஒருவர் முழுதும் படித்துச் சரிபார்க்க முடியாத ஒன்றை நிறுவல் என்று ஏற்கலாமா என்ற விவாதம் மெய்யியலாரிடையே எழுந்தது. இன்று நம் கையில் இருப்பவற்றை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். லீன், ராக் (முன்பு காக்) போன்ற நிறுவல் சரிபார்ப்பிகள் ஒவ்வொரு படியையும் விதியோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு படி குறைந்தாலும் மறுத்துவிடும். சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி போன்ற மொழி மாதிரிகள் நிறுவல் போன்ற ஒன்றை எழுதித் தரும். அது நிறுவலாகவும் இருக்கலாம், நிறுவற் போலியாகவும் இருக்கலாம். 2024இல் கூகுள் டீப்மைண்டின் ஆல்ஃபாபுரூஃப் உள்ளிட்ட கருவிகள் பன்னாட்டுக் கணித ஒலிம்பியாட் வினாக்களில் 42க்கு 28 மதிப்பெண் பெற்றது பெரிய செய்தியானது. அதில் ஆல்ஃபாபுரூஃப் தான் கண்ட நிறுவலை லீன் மொழியில் எழுதிச் சரிபார்க்கப்பட்ட பிறகே தந்தது என்பதைத் தருக்க மாணவர்கள் கவனிக்க வேண்டும். முன்மொழிவது ஒன்று, சரிபார்ப்பது வேறொன்று என்ற அந்தப் பிரிவையே உங்கள் ஆய்விலும் வைத்துக்கொள்ளுங்கள்.

வினாவைத் தேர்தல்

எந்த வினாவுக்கு இயந்திரம் உடனடியாக வழவழப்பான விடை தருகிறதோ, அந்த வினாவை அந்த வடிவிலேயே ஆய்வுத் தலைப்பாக எடுக்க வேண்டாம். ‘செயற்கை நுண்ணறிவுக்கு உணர்வு உண்டா’ என்று கேட்டால் 1950இல் டூரிங் எழுதிய கட்டுரையையும் 1980இல் செர்ல் சொன்ன சீன அறை வாதத்தையும் அது இரண்டு நிமிடத்தில் சுருக்கித் தந்துவிடும். நீங்கள் எழுதப்போவதும் அந்தச் சுருக்கத்தின் நீட்சியாகவே ஆகிவிடக்கூடும். மாறாக, ‘உரையளவைக்கு ஆத்தன் தேவை என்றால் பேசுவோன் இல்லாத பேச்சு எந்த அளவை’ என்று கேட்டால், நம் மரபின் நூல்களும் இன்றைய சிக்கலும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அங்கே செய்வதற்கு நிறைய வேலை இருக்கிறது.

தலைப்பைத் தேர்ந்த பிறகு, அந்தத் தலைப்பைப் பற்றி இயந்திரத்துக்குத் தெரிந்தது யார் வாயிலாகத் தெரிந்தது என்று பாருங்கள். மறைந்துபோன பழைய இந்தியச் சமயமான ஆசீவகத்தை எடுத்துக்கொள்வோம். ஆசீவகர்கள் எழுதிய நூல் எதுவும் நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. தமிழில் அவர்கள் கொள்கையை நாம் அறிவது பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் 27ஆம் காதை, சமண நூலான நீலகேசியின் ஆசீவக வாதச் சருக்கம், சைவ சாத்திரமான சிவஞான சித்தியாரின் பரபக்கம் (பிறர் கொள்கையை எடுத்துக்கூறி மறுக்கும் பகுதி) ஆகிய மூன்றிலிருந்து. மூவருமே மாற்றுச் சமயத்தார், அவர்களுள் பின்னிருவர் மறுக்கவே எழுதியவர்கள். வரலாற்றாசிரியர் பாஷம் 1951இல் ஆசீவகர் பற்றி நூல் எழுதியபோது இந்தத் தமிழ்ச் சான்றுகளையும் எடுத்தாண்டார். ஆசீவகம் என்ன சொல்கிறது என்று ஒரு மொழி மாதிரியிடம் கேட்டால், எதிராளிகளின் சுருக்கத்தை ஆசீவகரின் சொந்தக் குரலாக மாற்றி, மூன்று நூல்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டையும் அழித்து, ஒரே சீரான பத்தியாகத் தரும். அழிக்கப்பட்ட அந்த வேறுபாட்டில்தான் ஆய்வாளருக்கு வேலை இருக்கிறது. எனவே மூன்று மூலங்களையும் தனித்தனியே படித்து, எந்தக் கருத்து எந்த நூலில் இருக்கிறது என்று கையால் ஓர் அட்டவணை போட்ட பிறகே இயந்திரத்தின் பத்தியை அதோடு ஒப்பிடுங்கள்.

மூலத்தைக் கையில் எடுத்தல்

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஏதுப் போலிகளை, அதாவது வாதத்தில் காட்டும் காரணத்தின் பிழைகளைப் பற்றிய கட்டுரை ஒன்றுக்காக, அவற்றுள் ஒரு வகையான அநைகாந்திகம் பற்றி மணிமேகலை சொல்லும் அடிகளைத் தருமாறு ஒரு மொழி மாதிரியிடம் கேட்டேன். காதை எண், அடி எண்களோடு நான்கு அடிகள் வந்தன. ‘என்க’, ‘எனின்’ என்று சாத்தனாரின் நடை போலவே இருந்ததால் அவற்றைக் கட்டுரையில் சேர்த்தும் விட்டேன். இரண்டு வாரம் கழித்து நூலகத்தில் உ.வே. சாமிநாதையர் பதிப்பை விரித்துப் பார்த்தபோது அந்த இடத்தில் வேறு செய்தி இருந்தது. அந்த நான்கு அடிகள் காப்பியத்தில் எங்குமே இல்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு மீண்டும் படித்தேன். மூன்றாம் அடியில் ஐந்து சீர் இருந்தது. நிலைமண்டில ஆசிரியப்பாவில் எல்லா அடியும் நாற்சீராக வர வேண்டும் என்பது பள்ளியிலேயே படித்தது. வீட்டிலேயே விரல் விட்டு எண்ணியிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். அதிலிருந்து, செய்யுள் மேற்கோள் எதுவானாலும் முதலில் சீர் எண்ணுவது, பிறகு அச்சுப் பதிப்பில் பார்ப்பது, அதன் பின்பே எழுதுவது என்று பழக்கிக்கொண்டேன். உங்களையும் அப்படியே செய்யச் சொல்கிறேன்.

இயந்திரத்தின் நினைவிலிருந்து கேட்காமல், மூலப் பகுதியை நீங்களே கொடுத்து அதைப் பற்றிக் கேட்பது பெருமளவு பிழையைக் குறைக்கும். 1998இல் தொடங்கிய, நம் ஊரின் பெயரையே தாங்கிய மதுரைத் திட்டத்தில் மணிமேகலை முதலிய நூல்களின் மின்பதிப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் மூலமும் உரையும் கிடைக்கின்றன. அங்கிருந்து பகுதியை எடுத்து ஒட்டிக் கேளுங்கள். இறுதிச் சரிபார்ப்பை மட்டும் அச்சு நூலில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு, பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கமும், 2023இல் புது நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும், உங்கள் கல்லூரி நூலகமும் உள்ளன. பழைய பதிப்பின் பக்கங்களைப் படமெடுத்து எழுத்துணரி வழியாக உரையாக்கும்போது, 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய றா, னை போன்ற வடிவங்களும், காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும் அச்சும் தவறாகப் படிக்கப்படும் என்பதால், உருவான உரையை ஒருமுறை வரிவரியாக ஒப்பிட்டு விடுங்கள்.

கலைச்சொற்கள் தனியே ஒரு சிக்கல். தருக்கத்தில் பக்கம் என்பது நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று, ஏது என்பது காரணம், திட்டாந்தம் எடுத்துக்காட்டு, அளவை அறியும் வழி. அன்றாடத் தமிழில் பக்கம் என்றால் தாளின் பக்கம், ஏது என்றால் கேள்விச் சொல். ‘பக்கப் போலி ஒன்பது’ என்ற தொடரை விளக்கச் சொன்னபோது, ஒரு கருவி போலி ஆவணங்களின் பக்கங்களைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தியது. உரையாடலின் தொடக்கத்திலேயே பத்துப் பன்னிரண்டு கலைச்சொற்களைப் பொருளோடு எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும். அப்படி ஒரு சொற்பட்டியலைத் தயாரிக்க, அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைச் சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டிலேயே தமிழாக்கிய நூல் நல்ல துணை.

ஒரு வாதத்தைக் குறியீட்டுக்குக் கொண்டுபோதல்

இந்தப் பகுதியை நிதானமாகச் செய்யுங்கள். தருக்க மாணவருக்கு இந்தக் காலம் தரும் மிகப் பெரிய வாய்ப்பு இதுதான் என்று நம்புகிறேன். 29ஆம் காதை, பக்கப் போலி ஒன்பது, ஏதுப் போலி பதினான்கு, திட்டாந்தப் போலி பத்து என முப்பத்து மூன்று போலிகளை வகுக்கிறது. அவற்றுள் ஒன்று சாதாரண அநைகாந்திகம். ‘சத்தம் அநித்தம், அறியப்படுதலின்’ என்பது அதற்குக் காட்டு. ஒலி நிலையற்றது, ஏனெனில் அது அறியப்படுகிறது. குடம் அறியப்படுவது, நிலையற்றது. ஆகாயமும் அறியப்படுவதுதான், ஆனால் அது நித்தம் என்று கொள்ளப்படுகிறது. இரண்டு பக்கமும் செல்லும் ஏது ஒன்றையும் நிறுவாது.

இதை லீனில் எழுதிப் பாருங்கள்; கணினியில் தனியே ஏற்றாமலே உலாவியில் இயக்கலாம். அறியப்படுவன எல்லாம் அநித்தம் என்பதை முதல் எடுகோளாகவும், சத்தம் அறியப்படுவது என்பதை இரண்டாவதாகவும் கொடுத்து, சத்தம் அநித்தம் என்பதை நிறுவச் சொன்னால், லீன் எந்தத் தடையும் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். மாணவர்கள் இங்கே திகைத்துப் போகிறார்கள். சாத்தனார் போலி என்றதை இயந்திரம் சரி என்கிறதே என்கிறார்கள். இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள். கொடுத்த எடுகோள்களிலிருந்து முடிவு வருகிறதா என்பதை மட்டும் லீன் பார்க்கிறது. எடுகோள் உண்மையா என்று அது பார்ப்பதில்லை. சாத்தனார் பிழையை வைப்பது ஏதுவில், அதாவது அந்த முதல் எடுகோளில். இனி ஆகாயத்தையும் சேருங்கள்: ஆகாயம் அறியப்படுவது, ஆகாயம் அநித்தம் அன்று. உடனே எடுகோள்கள் ஒன்றோடொன்று முரணுகின்றன என்பதை லீனிலேயே நிறுவிக் காட்டலாம்.

செய்து முடித்த பிறகு ஒன்றைக் கவனியுங்கள். முதல் நிறுவலில் குடத்துக்கு இடமே இல்லை. ‘குடம் போல’ என்ற திட்டாந்தத்தை நீக்கினாலும் நிறுவல் நிற்கிறது. இரண்டாம் நிறுவலில் ஆகாயம் இல்லாமல் எதுவும் நகராது. மணிமேகலையோ உபநயமும் (ஏதுவைப் பக்கத்தோடு பொருத்துதல்) நிகமனமும் (முடிவு கூறுதல்) திட்டாந்தத்துக்குள் அடங்கும் என்னும் அளவுக்குத் திட்டாந்தத்துக்கு இடம் தருகிறது. அப்படியானால், புகை கண்டு மலையில் நெருப்பு உண்டு என்று நிறுவும் பழைய வாதத்தில், புகையுள்ள மலைக்கு அடுக்களையைக் காட்டுவது எதற்காக? புகையுள்ளவை எல்லாம் நெருப்புள்ளவை என்ற பொதுக்கூற்று, புகையுள்ள பொருள் உலகில் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் குறியீட்டுத் தருக்கத்தில் மெய்யாகிவிடும். அடுக்களை அந்த வெறுமையைத் தடுக்கிறதா, அல்லது பொதுக்கூற்றுக்கே சான்றாகிறதா? இது நல்ல ஆய்வு வினா. ஒரு மொழி மாதிரியிடம் இந்தக் காதையைக் குறியீட்டில் எழுதச் சொன்னால், திட்டாந்தத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு, இது மேலைத் தருக்கத்தின் இன்ன விதி என்று சொல்லி முடித்துவிடும். எதை விட்டது என்று கண்டுபிடிக்க, மூலத்தை நீங்கள் முதலில் படித்திருக்க வேண்டும்.

பரபக்கம் எழுதுதல்

மொழி மாதிரிகள் கேட்பவரோடு ஒத்துப்போகும் இயல்புடையவை. உங்கள் வாதத்தைக் கொடுத்து எப்படி இருக்கிறது என்றால் பெரும்பாலும் பாராட்டே வரும். சித்தியார் பரபக்கத்தை முன்னும், தன் கொள்கையை நிறுவும் சுபக்கத்தைப் பின்னும் வைத்த வரிசையைப் பின்பற்றுங்கள். உங்கள் கருத்துக்கு எதிரான வாதத்தை முதலில் நீங்களே, எதிராளி படித்தால் ‘ஆம், இதுதான் என் நிலை’ என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதுங்கள். அதன்பின் உங்கள் வாதத்தை இயந்திரத்திடம், உங்களுடையது என்று சொல்லாமல், யாரோ எழுதியது என்று கொடுத்து மறுக்கச் சொல்லுங்கள். பிறகு புதிய உரையாடல் ஒன்றில், அந்த மறுப்பை மறுக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் புதிதாக ஏதேனும் ஓர் எதிர்வாதம் தென்பட்டால் அதைக் குறித்துக்கொண்டு, அது ஏற்கெனவே அச்சில் வந்ததா என்று தேடுங்கள். மேலை மெய்யியலுக்குப் பில்பேப்பர்ஸ் அட்டவணையும் ஸ்டான்ஃபோர்டு மெய்யியல் கலைக்களஞ்சியமும் போதிய தொடக்கம் தரும். இதற்கெல்லாம் மேலாக, பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த ஊரில் எதிர்வாதம் சொல்ல ஆள் கிடைப்பது அரிதன்று. மாதம் ஒருமுறை இரண்டு மூன்று ஆய்வாளர்கள் கூடி ஒருவர் கட்டுரையை மற்றவர் மறுக்கும் பழக்கத்தை இயந்திரத்துக்காக விட்டுவிடாதீர்கள். எதிரே உட்கார்ந்து மறுப்பவர், தான் சொன்னதற்குப் பொறுப்பேற்று அடுத்த மாதமும் வருகிறார்.

பதிவும் எழுத்தும்

ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். தேதி, கருவியின் பெயர், நீங்கள் கேட்ட கேள்வி, கிடைத்த விடையின் சாரம், அதை எங்கே எப்படிச் சரிபார்த்தீர்கள் என்பன அதில் இருக்கட்டும். அதே கேள்விக்கு நாளை வேறு விடை வரலாம் என்பதால் இந்தப் பதிவு இன்றியமையாதது. நேச்சர் இதழ்க் குழுமம் 2023 ஜனவரியிலேயே, இத்தகைய கருவியை ஆசிரியராகக் காட்டக் கூடாது, பயன்படுத்தியதைக் கட்டுரையில் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது. உங்கள் பல்கலைக்கழக விதி எப்படி இருந்தாலும், நெறியாளரிடம் தொடக்கத்திலேயே இதைப் பேசி, அவர் ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள்.

கட்டுரையின் வாக்கியங்களை நீங்களே எழுதுங்கள். மெய்யியலில் எழுதுவதுதான் சிந்திப்பது. வாக்கியம் முடியாமல் இழுபடும் இடத்தில்தான் வாதம் இன்னும் முடியவில்லை என்று தெரியவரும். இயந்திரம் அந்த இடத்தை மெழுகி மறைத்துவிடும். இயந்திரம் தந்த எழுத்தையோ உங்கள் எழுத்தையோ சோதிக்க, நன்னூல் பட்டியலிடும் பத்துக் குற்றங்களைக் கையில் வைத்துக்கொள்ளலாம். குன்றக் கூறலும் மாறுகொளக் கூறலும் எளிதில் கண்ணில் படும். கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல், சென்று தேய்ந்து இறுதல் ஆகிய மூன்றும் மொழி மாதிரிகளின் எழுத்தில் மிகுதி. பத்தியின் முதல் வரியில் சொன்னதைக் கடைசி வரியில் வேறு சொல்லில் சொல்லியிருந்தால் ஒன்றை அடித்துவிடுங்கள். நீக்கினாலும் வாதம் குலையாத வாக்கியங்களை எல்லாம் பென்சிலால் அடைப்புக்குறி இட்டு, மறுநாள் காலையில் மீண்டும் பாருங்கள்.

ஒப்படைப்பதற்கு முன், மேற்கோள்கள் அனைத்தையும் ஒரு தாளில் தனியே எழுதிக்கொண்டு நூலகத்துக்கு ஒரு முழு நாள் போங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் பதிப்பு, ஆண்டு, பக்க எண் ஆகியவற்றை உங்கள் கண்ணால் பார்த்து எழுதுங்கள். கிடைக்காத மேற்கோள் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். வாய்மொழித் தேர்வுக்குப் போகும்போது அந்தத் தாளையும் நோட்டுப் புத்தகத்தையும் உடன் கொண்டு செல்லுங்கள்.